எட்டு அரைக்கால் சட்டைகள்

“உலகத்துல இருக்கிற கணித மேதைங்க எல்லாரும் ஒரு தடவையாவது தப்பு பண்ணியிருக்காங்க. நான் மேதை இல்லை. அதனால எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.”

கணித ஆசிரியர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஒலிவாங்கியைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு விடையார் இப்படி முழங்கியபோது அரங்கில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். பதினேழு பேர் கைதட்டினார்கள். பத்துப் பேர் தூங்கினார்கள். மீதிப் பதினான்கு பேர் தேநீர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த எண்ணிக்கையும் மேடையிலிருந்தபடி விடையாரே எடுத்தது. ஆகவே சரியாகத்தான் இருக்கும்.

விடையார் என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. கணக்குப் பயிற்சி நூல்கள் வெளியிடும் பதிப்பகம் ஒன்றில் அவர் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்தார். நூலுக்குக் கேள்விகளை எழுதுபவர் ஒரு முனைவர். அவர் பெயர் அட்டையில் அரை அங்குல உயரத்தில் இருக்கும். கேள்விகளைக் கொடுத்துவிட்டு, கருத்தரங்கு இருக்கிறது என்று அவர் விமானம் ஏறிவிடுவார். ஒருமுறை முதலாளி மாடிப்படியில் நின்று, “கேள்வியெல்லாம் வந்தாச்சு, விடை யார் எழுதறது?” என்று கத்தினார். கீழே மெய்ப்புத் தாளுக்குள் தலையை விட்டிருந்த நம்மவர் கையைத் தூக்கினார். நடுவிலிருந்த இடைவெளியை அச்சுக்கூடத்தார் இழுத்து மூடிவிட்டார்கள். விடை யார், விடையார் ஆனார். இருபத்திரண்டு வருடமாக அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய இருக்கை அச்சு இயந்திரத்துக்கு நேர் மேலே. இயந்திரம் ஓடினால் மேசை நடுங்கும், மேசையிலிருக்கும் தேநீரில் வட்ட வட்டமாக அலை வரும். அந்த நடுக்கத்திலும் அவர் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை போடுவார். காலையில் மேலிருந்து கீழே, மதியம் விடையிலிருந்து பின்னோக்கி மேலே. காலையில் கறுப்புப் பென்சில், மதியம் நீலம். இரண்டும் சந்தித்தால்தான் விடை பின்பக்கத்துக்குப் போகும். மாணவன் முன்பக்கத்தைத் திறப்பது தேர்வுக்கு முந்தைய வாரம், பின்பக்கத்தைத் திறப்பது தினமும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ஆகவே நூலின் உண்மையான ஆசிரியர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. முனைவர் உட்பட மற்ற எல்லோருக்கும்தான் இருந்தது.

பழைய பதிப்புகளின் கடைசிப் பக்கத்தில், ‘பிழை கண்டால் எழுதுக’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் விடையார் அதை எடுக்கச் சொன்னார். “வீட்டு வாசல்ல ‘இங்கே திருடன் இருந்தால் சொல்லவும்’னு எழுதி வைப்பீங்களா?” என்று கேட்டார். முதலாளிக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. வரி போயிற்று. மன்றத்து முழக்கத்துக்குப் பிறகு அட்டையிலேயே சிவப்பு வட்டத்துக்குள் ‘பிழையே வராத விடைப் பக்கங்களுடன்’ என்று ஏறிவிட்டது. வட்டம் முனைவர் பெயரைவிடப் பெரியது. விடையார் அதை அளவுகோல் வைத்து உறுதிசெய்துகொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. பழைய பின்னங்களின் பெயர்கள் மீது தீராத காதல். காலில் பாதி அரைக்கால், எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி வீசம். முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர். இவற்றை நூலில் அச்சிட முனைவர் விடவில்லை. அதனால் வீட்டில் பயன்படுத்தினார்.

“உப்பு ஒரு முந்திரி கூடிப்போச்சும்மா.”

“நான் இதுல முந்திரியே போடலையே!”

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பதினைந்து நடைமேடைகளுக்கும் கேட்கிற குரல். வீடோ இரண்டே அறை. ஆகவே அந்தக் குடும்பத்தின் உப்புக் கணக்கு தெருவுக்கே தெரியும்.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பதிப்பக முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. கட்டம் போட்ட தாளில், தையல் போட்டதுபோல் சின்னச் சின்னதாக, கோடு தப்பாத கையெழுத்து. எழுதியவர் ஒரு பெண்.

‘ஐயா, நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பயிற்சி மையத்தில் தையல் ஆசிரியர் வேலைக்குக் கேட்டார்கள். கணக்கில் தேறியிருந்தால்தான் எடுப்பார்களாம். அதனால் உங்கள் புத்தகத்தை வாங்கிப் படிக்கிறேன். பயிற்சி பதினான்கில் இருபத்திரண்டு கணக்கும் சரியாக வந்தது. இருபத்து மூன்றாவது கணக்கில் எனக்கு எழுபது வருகிறது. உங்கள் புத்தகத்தில் முப்பத்தைந்து. பதினொரு தடவை போட்டுவிட்டேன். இத்தனைக்கும் அது தையல் கணக்கு. பிழையே வராது என்று அட்டையில் போட்டிருக்கிறது. அப்படியானால் பிழை என் தலையில்தான். என் தொழில் கணக்கே எனக்கு வராதபோது மற்றது எங்கே வரப்போகிறது? தேர்வு விண்ணப்பத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. நான் போடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். முப்பத்தைந்து எப்படி வந்தது?’

விடையார் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். அறியாமைக்கு உதவுவதில் அவருக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், குளித்துவிட்டு, காற்றோட்டமாக உடுத்திக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்து பதில் எழுதினார். எழுதியதை மனைவிக்குப் படித்தும் காட்டினார்.

“முதல்ல கேள்வி. கவனமாக் கேளு. ‘ஒரு தையற்கடையில் ஒரு நாளில் 6 சட்டைகளும் 8 அரைக்கால் சட்டைகளும் தைக்கப்படுகின்றன. 5 நாளில் தைக்கப்படும் உருப்படிகள் எத்தனை?’”

“சரி.”

“இப்ப என் பதில். ‘அன்புள்ள அம்மா, அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. ஆகவே எட்டு அரைக்கால் சட்டைகள் சேர்ந்தால் ஒரு முழுச் சட்டை. ஆறும் ஒன்றும் ஏழு. ஏழைந்து முப்பத்தைந்து.’ எப்படி? எட்டு அரைக்கால்னு போட்டு முழு எண்ணா வர வச்சிருக்கார் பாரு முனைவர். என்ன இருந்தாலும் கெட்டிக்காரர்.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நின்றது. கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை முழங்காலுக்கு மேலே வந்து நின்றது.

“ஏங்க, இப்ப நீங்க போட்டிருக்கிறது என்ன?”

“இதுவா? அரைக்கால் சட்...”

மீதியை மனைவியின் வாய் எடுத்துக்கொண்டது. பதினைந்து நடைமேடைக்கான சிரிப்பு இரண்டு அறைக்குள் வெடித்தது. எதிர்வீட்டில் விளக்கைப் போட்டார்கள்.

“எட்டுல ஒரு பங்கு சட்டையைப் போட்டுக்கிட்டா உட்காந்திருக்கீங்க? இன்னும் ஏழு போட்டாத்தான் ஒரு சட்டை ஆகுமா? ஐயோ, என்னால முடியலையே!”

“மெதுவா சிரி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“பக்கத்து வீட்டுக்கா? கவனிக்கவும், கவனிக்கவும்! விடையார் அவர்கள் எட்டில் ஒரு பங்கு சட்டையில் வீட்டிலிருந்து புறப்படத் தயாராக உள்ளார்!”

அன்று விடையார் சாப்பிடவில்லை. வீட்டுப் பிரதியைப் புரட்டினார். கேள்வியில் ‘8 அரைக்கால்’ ஒரு வரியின் கடைசியில் இருந்தது, ‘சட்டைகளும்’ அடுத்த வரியின் தொடக்கத்தில் இருந்தது. கறுப்புப் பென்சிலில் மேலிருந்து கீழே போட்டபோதும், நீலப் பென்சிலில் கீழிருந்து மேலே போனபோதும், வரிக்கடைசியில் நின்ற அந்த அரைக்கால் அவரைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறது. இரண்டு பென்சில் இருந்து என்ன, இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே காதல்.

புதன்கிழமை காலை அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. நூல் வெளிவந்து மூன்று வருடம் ஆகிறது. ஊர் முழுக்க இதைத்தான் படிக்கிறார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஒருவேளை யாருமே அந்தக் கணக்கைப் போடவில்லையோ? போடாத கணக்கின் விடை எப்படித் தப்பாகும்? இந்தத் தத்துவத்தைச் சோதிக்க, அந்த நூலை வைத்தே பிழைக்கும் டியூஷன் மாஸ்டரைத் தேடிப் போனார்.

மூன்றாவது மாடியில் நீளமான அறை. நாற்பது பெஞ்சு. கரும்பலகை முழுக்கச் சுண்ணக்கட்டி மூட்டம். மாஸ்டர் விடையாரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார்! நீங்களே வந்துட்டீங்க! பயிற்சி பதினாலு, இருபத்து மூணு! அந்த ஒரு கணக்குக்காகவே உங்களுக்குச் சிலை வைக்கலாம் சார்.”

“அதை... பசங்க போடறாங்களா?”

“போடறாங்களாவா? முதல் வருசம் எனக்கும் எழுபதுதான் வந்தது. ஆனா பின்பக்கம் முப்பத்தஞ்சுங்குது. விடையார் தப்பு பண்ணுவாரா? ரெண்டு நாள் தூங்கலை. அப்புறம் பளிச்சுனு புரிஞ்சது. இப்ப அதுக்குன்னு தனி வகுப்பே எடுக்கறேன். இதோ பாருங்க, அரைக்கால் சட்டை விதி!”

மாஸ்டர் பலகையில் சட்டை ஒன்றை வரைந்து, கோடு போட்டு எட்டாகப் பிரித்தார். “கை ரெண்டு, முன்பக்கம் ரெண்டு, முதுகு ஒண்ணு, கழுத்துப்பட்டி ஒண்ணு, பை ஒண்ணு, பொத்தான் எல்லாம் சேத்து ஒண்ணு. மொத்தம் எட்டு. இதுல ஒரு பாகம்தான் அரைக்கால் சட்டை.”

“எந்தப் பாகம்?”

“அது பாடத்திட்டத்துல இல்லை சார்.”

விடையார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இதோட நிக்கலை சார்,” என்றார் மாஸ்டர், கண்களில் கண்டுபிடிப்பாளனின் வெறியோடு. “முழு நீளத்துக்குப் போடறோமே, அது என்ன? கால்சட்டை. பேர்லயே இருக்கே! கால் சட்டை, அதாவது நாலுல ஒரு சட்டை! ரெண்டு அரைக்கால் சட்டை ஒரு கால்சட்டை. நாலு கால்சட்டை ஒரு சட்டை. எங்க தட்டினாலும் உடையாது சார். நானே இதுல எண்பது கணக்கு எழுதி வச்சிருக்கேன். பக்கத்துத் தெரு மாஸ்டர்கூட இப்ப இதைத்தான் நடத்தறாரு. ஆனா அவரு பொத்தானைத் தனியாப் பிரிக்கிறாரு, அது சுத்தத் தப்பு.”

“யாருமே... எழுபதுன்னு சொல்லலையா?”

“சொல்லுவாங்க. சொன்னா பூஜ்யம். போன மாசம் ஒரு பொண்ணு விடவே மாட்டேன்னுட்டா. அவங்க அப்பா துணிக்கடையாம். ‘சார், எங்க கடையில எட்டு வாங்கினா எட்டுதான் குடுப்போம்’னு ஒரே அழுகை. வியாபாரம் வேற, கணிதம் வேறன்னு எடுத்துச் சொல்லி அனுப்பிச்சேன்.”

விடையார் படியிறங்கினார். தான் ஒரு தப்புச் செய்தோம் என்றுதான் நினைத்திருந்தார். இல்லை. ஒரு கணிதத் துறையையே நிறுவியிருக்கிறார். உலகத்து மேதைகளுக்கெல்லாம் இதற்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும்.

வியாழக்கிழமை முதலாளியிடம் போய் நின்றார். முதலாளியின் மேசைமேல் புதிய பதிப்பின் அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு வட்டம். விஷயத்தைக் கேட்ட முதலாளி கதவைச் சாத்தினார். சன்னலையும் சாத்தினார். மின்விசிறி கேட்டுவிடுமோ என்பதுபோல் அதையும் நிறுத்தினார்.

“வெளிய யாருக்குத் தெரியும்?”

“என் வீட்டுக்காரிக்கு.”

“அப்ப எல்லாருக்கும் தெரியும்.” முதலாளி நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “விடையைத் தொடக்கூடாது. தொட்டா அட்டை பொய்யாயிடும். அதனால கேள்வியை மாத்திடுவோம்!”

“கேள்வியையா?”

“எட்டு அரைக்கால் சட்டையைத் தூக்கிட்டு ஒரு கைக்குட்டைன்னு போடு. ஆறும் ஒண்ணும் ஏழு. ஏழஞ்சு முப்பத்தஞ்சு. விடை அப்படியே சிங்கம் மாதிரி நிக்கும்.”

“ஒரு நாளைக்கு ஒரே ஒரு கைக்குட்டை தைக்கிற கடை எங்கங்க இருக்கு?”

“முனைவர் கணக்குல ஒரே நேரத்துல தண்ணி உள்ளயும் வந்து வெளியவும் போற தொட்டி இருக்கே, அது மட்டும் எங்க இருக்கு? போய்யா!”

விடையாருக்கு நிம்மதி வந்தது. வந்த நிம்மதி உட்காரவில்லை. புதுப் பதிப்பு தப்பித்துவிடும். சிவப்பு வட்டம் தப்பித்துவிடும். ஆனால் அந்தத் தையல்கார அம்மாவின் கையிலிருப்பது பழைய பதிப்பு. அதில் அவர் எழுதிய முப்பத்தைந்து சிங்கம் மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்கு அது அந்த அம்மாவை விழுங்கிவிடும்.

அன்று மூன்று கடிதம் எழுதினார். முதலாவதில் பழியை அச்சுக்கூடத்தின்மேல் போட்டார். இரண்டாவதில் முனைவர்மேல் போட்டார். மூன்றாவதில் தமிழ் மொழியின்மேலேயே போட்டார். மூன்றும் நன்றாக வந்திருந்தன. மனைவி மூன்றையும் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“எல்லாம் சரிங்க. அந்தம்மா முப்பத்தஞ்சு எப்படி வந்ததுன்னுதானே கேட்டிருக்காங்க? இதுல அது எங்க இருக்கு?”

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விடையார் அந்தத் தையல் கடை வாசலில் நின்றார். இரண்டு ஆள் அகலக் கடை. ஒரு தையல் இயந்திரம், வெட்டும் பலகை, கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பாதிச் சட்டைகள். பலகைமேல் விரித்திருந்த துணி நழுவாமலிருக்க ஒரு தடித்த புத்தகத்தைப் பாரமாக வைத்திருந்தார்கள். சிவப்பு வட்டம் மேலே பார்த்திருந்தது. அவர் பண்ணிய பாவத்துக்கு ஒரு வழியாக உருப்படியான வேலை கிடைத்திருந்தது.

“வாங்க சார், என்ன தைக்கணும்?” என்றார் தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா. வாயோரம் இரண்டு குண்டூசி.

விடையார் தொண்டையைச் செருமினார்.

“அரைக்கால் சட்டை.”

“எத்தனை?”

“எட்டு.”

“எட்டா?” குண்டூசிகள் வாயிலிருந்து இறங்கின. “எட்டும் உங்களுக்கேவா?”

“எட்டும் தைச்சா மொத்தம் எத்தனை உருப்படிம்மா?”

தையல்கார அம்மா அவரைச் சற்றுச் சந்தேகமாகப் பார்த்தார். “எட்டு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எட்டுன்னா எட்டு. எட்டுக்கும் எட்டு நாடா கோக்கணும், பதினாறு கால் மடிச்சுத் தைக்கணும். கணக்குத் தெரியாதவங்ககிட்ட வந்து எதுக்கு சார் கேக்கறீங்க?”

“அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க.”

துணியிலிருந்து புத்தகம் எழுந்தது. விடையார் பின்பக்கத்தைத் திறந்தார். பயிற்சி பதினான்கு, இருபத்து மூன்று. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அச்சான விடைப் பக்கத்தின்மேல் அவர் பேனா வைத்ததில்லை. முப்பத்தைந்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுபது என்று எழுதினார்.

“சார், சார்! என்ன பண்றீங்க? யாரு புத்தகத்துல யாரு கிறுக்கறது? இதுல பிழையே வராதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு!”

“அப்படிச் சொன்னவனே நான்தாம்மா. முப்பத்தஞ்சு எப்படி வந்ததுன்னு கேட்டிருந்தீங்களே. அரைக்கால் சட்டையை எட்டுல ஒரு பங்கு சட்டைன்னு நினைச்சு நான் போட்டது.”

தையல்கார அம்மா கயிற்றில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். விடையாரின் கால்களைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, வெட்டும் பலகை குலுங்கியது, கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

“எட்டுல... ஒரு பங்கா... சார், அதைத் தைச்சா எங்க சார் மாட்டறது?”

“அது பாடத்திட்டத்துல இல்லைம்மா,” என்றார் விடையார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்துச் சிரிப்பு ஒரே மூச்சில் வந்ததால் விக்கலும் சேர்ந்துகொண்டது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் திரும்பிய அம்மாவின் கண்ணில் சுவர்க்கடிகாரம் பட்டது. நான்கு இருபது.

“ஐயோ, அஞ்சு மணியோட முடிச்சுடுவாங்களே!”

“விண்ணப்பம் இருக்கா?”

“நிரப்பி வச்சிருக்கேன். கிழிக்க மனசு வரலை.” இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து தாளை உருவினார். பாதி வாசல் தாண்டியவர் திரும்பி வந்தார். “சார், கடையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. யாராவது வந்தா இருக்கச் சொல்லுங்க. எதையும் தைக்கமட்டும் செய்யாதீங்க!”

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை விடையார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெட்டும் பலகை முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை ஒன்றும் இல்லை. புத்தகம் திறந்தபடியே கிடந்தது. பொழுது போகட்டும் என்று முதல் பயிற்சியிலிருந்து ஆரம்பித்தார். காதல் எதுவும் இல்லாத கண்ணோடு, ஒரு தையல்காரர் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல், ஒவ்வொரு விடையாக இறங்கினார். பயிற்சி ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று, நான்கு, ஐந்து.

பயிற்சி ஆறு, ஒன்பதாவது கணக்கில் விரல் நின்றது. கேள்விக்குப் போய்ப் பார்த்தார். விடைக்குத் திரும்பி வந்தார். மறுபடி கேள்விக்குப் போனார்.

தெருவை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை. பேனாவின் மூடியைத் திறந்தார்.